பழைய கார் ஹீட் ஆகிறதா? எதை மாற்றலாம் என்பதற்கு முன், எப்போது ஹீட் ஆகிறது?

பழைய மாருதி 800-ஐயோ சான்ட்ரோவையோ ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, "வண்டி ஹீட் ஆகுதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வைத்தியம் ஒரே வரிசையில்தான் நடக்கும். முதலில் கூலண்ட் ஊற்றுவார்கள். அடுத்த முறை தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் ரேடியேட்டர் ஃபேனை டைரக்ட் பண்ணி டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். அதற்கும் அடங்காவிட்டால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், கடைசியில் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு. இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் கோளாறு அகப்பட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதுவரை ஹீட்டான இன்ஜினையே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஆயிரங்களுக்குப் போவது இந்த இடைவெளியில்தான்.

எதைக் கழற்றுவது என்று யோசிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஹீட் மீட்டரின் முள் எப்போது ஏறுகிறது? சிக்னலில் நிற்கும்போதா, பைபாஸில் எண்பதில் போகும்போதா, மலை ஏறும்போதா, காலையில் ஸ்டார்ட் பண்ணிய சில நிமிடங்களிலேயேவா? ஸ்பேனரைத் தொடாமலேயே பாதி சந்தேகங்களை இந்தப் பதில் கழித்துவிடும். மீதிப் பாதிக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது, அது பழைய கார்களுக்கே உரியது: நமக்கு முன்னால் வைத்திருந்தவர் என்னென்ன செய்து வைத்திருக்கிறார்?

முதலில் சூடு எப்படி வெளியேறுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். பெட்ரோலை எரித்துக் கிடைக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கான வேலையாகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். கிட்டத்தட்ட அதே அளவு சூட்டை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சுமக்க வேண்டும். சின்னக் காரில் அந்தத் தண்ணீர் மொத்தமே நான்கைந்து லிட்டர்தான். வாட்டர் பம்ப் அதைச் சுற்ற வைக்கிறது. ரேடியேட்டர் அதன் சூட்டைக் காற்றில் விடுகிறது. இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரும்வரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் தெர்மோஸ்டாட் தடுத்து வைக்கிறது.

இந்த ஏற்பாட்டில் எல்லோரும் அலட்சியம் செய்யும் சாமான் ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி அல்ல. குக்கரின் வெயிட் என்ன வேலை செய்கிறதோ அதே வேலைதான் இதற்கும்: உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, தண்ணீர் கொதிக்கும் புள்ளியை மேலே தள்ளுகிறது. 0.9 பார் என்று குறித்த மூடி சரியாக இருந்தால், கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வாஷர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் 100-லேயே கொதித்துவிடும். ஊட்டி உயரத்தில், அதாவது ஏறத்தாழ 2,240 மீட்டரில், கணக்கு இன்னும் மோசம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். பல கார்களில் ஃபேன் ஓட ஆரம்பிப்பதே தொண்ணூற்றைந்தை ஒட்டித்தான். ஆக, மூடி செத்த வண்டியில் ஃபேன் விழித்துக்கொள்வதற்கு முன்பே தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஃபேனும் நன்றாக இருக்கும், ரேடியேட்டரும் நன்றாக இருக்கும். வண்டி மட்டும் குன்னூர் தாண்டியதும் ஆவி விடும். புது மூடியின் விலையைவிட மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும் பெட்ரோல் செலவு அதிகம். சந்தேகம் வந்தால் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். வண்டிக்கு என்ன அழுத்தம் சொல்லியிருக்கிறதோ அதே எண் போட்ட மூடியாக வாங்க வேண்டும். எண் கூடினால் இன்னும் நல்லது என்று நினைத்து அதிக அழுத்த மூடியைப் போட்டால், பழைய ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும்தான் அந்தக் கூடுதலைத் தாங்க வேண்டிவரும்.

மூடிக்குள் எதிர்ப்பக்கம் திறக்கும் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது தண்ணீர் சுருங்கும். அப்போது ரிசர்வ் பாட்டிலில் இருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள வழி விடுவது அதுதான். அது அடைத்துக்கொண்டால் வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். பாட்டில் நிறைய தண்ணீர் இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருக்க, ரேடியேட்டர் உள்ளே காலியாகிக்கொண்டிருக்கும். பழைய வண்டியில் பாட்டிலை மட்டும் பார்ப்பதை நம்பாதீர்கள். காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தே பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் முகத்தில் அடிக்கும். அதில் துணி போட்டுத் திறப்பது, மெதுவாகத் திருகுவது என்ற சாகசமெல்லாம் வேண்டாம்.

அடுத்தது முள். ஹீட் மீட்டரை நம்பலாமா? ஓரளவுக்கு. சென்சார் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும்வரைதான் அது சொல்வது உண்மை. தண்ணீர் குறைந்து சென்சாரைச் சுற்றி வெறும் ஆவி மட்டும் இருந்தால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கும். ஏறிக்கொண்டே வந்த முள் சட்டென்று விழுந்தால் வண்டி தேறிவிட்டது என்று அர்த்தமில்லை, உடனே ஓரங்கட்ட வேண்டும். மாறாக, சென்சார் ஒயரில் எர்த் கோளாறு இருந்தால் இன்ஜின் நல்லபடி இருந்தும் முள் எகிறும். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க லேசர் புள்ளி காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல் காட்டினால் 85-லிருந்து 95-க்குள் வருகிறதா என்று பார்க்கலாம். பளபளப்பான அலுமினியத்தின் மேல் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியாக வரும். அளவு சரியாக இருந்தும் முள் மட்டும் எகிறியிருந்தால் கோளாறு மீட்டரிலோ அதன் ஒயரிலோதான், இன்ஜினில் அல்ல.

சரி, இப்போது "எப்போது" என்பதற்கு வருவோம்.

டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்குகிறது என்றால், சந்தேகம் காற்றின் மேல். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும் வண்டிக்கு ஃபேன் வேண்டும். பழைய அம்பாசடரில் ஃபேன் பெல்ட்டில் ஓடியது. இன்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும். முன்சக்கரத்தில் ஓடும் சின்னக் கார்களில் அது மின்சார ஃபேன். எனவே ஃபியூஸ், ரிலே, சூடு ஏறியதும் ஃபேனைப் போடும் தெர்மோ சுவிட்ச், மோட்டார் என்று நான்கு இடங்களில் அது படுக்கலாம். பல ஏசி வண்டிகளில் ஏசியைப் போட்டாலே ஃபேன் ஓட வேண்டும். ஏசி போட்டால் ஓடுகிறது, சூட்டில் மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டாருக்குக் குறையில்லை. தெர்மோ சுவிட்சையோ அதன் ஒயரையோதான் பார்க்க வேண்டும். இரண்டு ஒயர் உள்ள சுவிட்ச் என்றால் கப்ளரைப் பிடுங்கி இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பார்க்கலாம். ஃபேன் ஓடினால் சுவிட்ச் போச்சு. ஓடாவிட்டால் மேலே ரிலேவுக்குப் போங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனால் தப்பான பக்கம் சுற்றுகிறது என்ற வினோதமும் பழைய வண்டிகளில் உண்டு. யாரோ மோட்டார் மாற்றும்போது பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். கிரில்லுக்கு முன்னால் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் தாள் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே பறந்தால் ஃபேன் முன்னோக்கி ஊதுகிறது. வண்டி நிற்கும்போது அது ஏதோ கொஞ்சம் உதவும். ஓடும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கும்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்துபோய், "அது இல்லாட்டி பரவாயில்ல" என்று கழற்றி எறியப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பரவாயில்லை என்பது உண்மையல்ல. அந்தக் கூடு இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டரின் முழு முகத்தின் வழியாகவும் காற்றை இழுக்கும். ஏசி வண்டியில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள விரல் நுழையாத சந்தில் புழுதியும் பூச்சிச் சிறகும் அடைந்து மெத்தைபோல் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பின்பக்கத்திலிருந்து, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பம்ப்பைக் கிட்டே வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடிந்து காற்று வழியே மூடிவிடும்.

இதற்கு நேர்மாறானது, நகரத்துக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு பைபாஸில் ஏறுவது. காற்று தாராளமாக வருகிறது, அப்படியிருந்தும் ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தில்தான் குறை. இங்கே நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது: போர் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ பல இடங்களில் கடினத்தன்மை மிகுந்தது. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. தண்ணீர் சூடாகும்போது கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் கார்பனேட்டாக மாறி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். உலோகத்தோடு ஒப்பிட்டால் சுண்ணாம்பு சூட்டைக் கடத்துவது மிக மிகக் குறைவு. பெட்ரோல் பங்கில் கிடைத்த தண்ணீர், வழியில் டீக்கடைக்காரர் கொடுத்த குடம் என்று பதினைந்து வருடம் குடித்த ரேடியேட்டர் இது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய் வாய்களின் ஓரத்தில் வெள்ளையோ துருப்பழுப்போ ஏடு கட்டியிருப்பது தெரியும். விரலை விட்டால் சேறுபோல ஒட்டும்.

"நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. வெறும் தண்ணீர் சூட்டைச் சுமப்பதில் கூலண்ட் கலவையைவிடக் கெட்டிக்காரன்தான். ஆனால் நமக்குக் கூலண்ட் வேண்டியது உறையாமல் இருக்க அல்ல. அதில் உள்ள துருத்தடுப்பு ரசாயனங்களுக்காக. அப்புறம் கொதிநிலை சில டிகிரி உயர்வதற்காக. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பித்தளை அல்லது அலுமினிய ரேடியேட்டர் என்று வெவ்வேறு உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனையும் இடத்தில் அரிப்பு சும்மா இருக்காது. உப்புத் தண்ணீராக இருந்தால் இன்னும் வேகம். டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலண்ட், அல்லது கலந்தே விற்கும் ரெடிமேட் கூலண்ட், இரண்டில் ஒன்று. பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நிறம் வெறும் சாயம், பாட்டிலில் என்ன வகை என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். பழையது என்ன வகை என்றே தெரியாவிட்டால், முழுக்க இறக்கிக் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றுவதுதான் நல்லது.

அடைத்த ரேடியேட்டரைக் கண்டுபிடிக்க அதே தெர்மாமீட்டர் உதவும். இன்ஜின் சூடான பிறகு ரேடியேட்டர் முகத்தில் அங்கங்கே அளந்துகொண்டே வந்தால், நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் சில்லென்று இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பற்றவைப்பிலிருந்து பிரித்து, குழாய்க்குள் மெல்லிய தகட்டுக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து தருவார்கள். அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க் வகைக்கு அது சரிப்படாது, மாற்றுவதுதான் வழி.

ரேடியேட்டர் சுத்தமாக இருந்தும் பைபாஸில் ஏறினால் கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்ப் அந்த ஹோஸ் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது. ரப்பர் இளகிப்போயிருந்தால் வேகம் கூடும்போது ஹோஸ் உள்பக்கமாகச் சப்பி ஓட்டத்தை அடைத்துவிடும். ஐடிலில் பழையபடி உருண்டையாகிவிடும். ஆக, நிறுத்தி வைத்துப் பார்த்தால் அகப்படாது. பானெட்டைத் திறந்து வைத்து ஒருவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்த, இன்னொருவர் ஹோஸைப் பார்க்க வேண்டும். அதற்கும் இல்லையென்றால் பம்ப்பின் உள் இறக்கைகள் அரித்துத் தேய்ந்திருக்கலாம். பம்ப்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் கசிந்த கறை இருந்தால் அதன் சீல் போய்விட்டது. பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடலாம்.

இங்கே வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை விடும் என்பது தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90, காற்று 20 என்றால் வித்தியாசம் 70. காற்று 40 ஆனால் வித்தியாசம் 50 தான். அதே ரேடியேட்டர், ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்த வேலை. அதனால்தான் டிசம்பரில் சோதித்து, திருப்தியாக வாங்கிய வண்டி மே மாதம் வேலூரில் நடுரோட்டில் நின்றுவிடுகிறது. புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. பாதி அடைத்த ரேடியேட்டர் குளிர்காலத்தில் சமாளித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மலைப்பாதை காற்று, தண்ணீர் ஓட்டம் இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் முழு லோடோடு முதல், இரண்டாம் கியரில் ஏறும்போது இன்ஜின் வேலை உச்சம், எதிர்க்காற்று சொற்பம். நல்ல வண்டியிலும் முள் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஏறி ஓரிடத்தில் நின்றுகொண்டால் கவலையில்லை. ஏறிக்கொண்டே போனால்தான் கவலை. கிளட்ச் வழுக்குவதும் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவதும் இந்த இடத்தில் இன்ஜின் கோளாறுபோல் வேஷம் போடும். பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பின்தங்கியிருந்தாலும் சூடு கூடும். கூலிங் பக்கம் எல்லாம் சரியாக இருந்து, வண்டி இழுக்கவும் இழுக்காமல் ஹீட்டும் ஆனால் டைமிங்கைப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஒர்க்‌ஷாப்புகளோடு எனக்குத் தகராறு. அதற்குள்ளே ஒரு மெழுகு உருண்டை இருக்கிறது. வண்டிக்கேற்ப 82 அல்லது 88 டிகிரியை ஒட்டி மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். மூடியபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் ஹீட் ஆகும் என்பது சரி. அதற்குப் பரிகாரம் புதிதாக ஒன்றைப் போடுவது. கழற்றி எறிவது பரிகாரம் இல்லை. அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலைச் சூட்டுக்கே வரத் தாமதமாகும், கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியில் அந்தக் கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணிக் கூடுதல் பெட்ரோல் விடும், மைலேஜ் விழும், சிலிண்டர் தேய்மானம் கூடும். இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் மறுமுனையில் ஒரு தட்டு இருக்கும். ரேடியேட்டர் வழி திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும் குறுக்கு வழியை, மூடும். அந்த வகையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே மறுபடி இன்ஜினுக்குத் திரும்பும். ஹீட் குறைய வேண்டும் என்று செய்த வேலை கடும் லோடில் ஹீட்டைக் கூட்டும்.

"கழற்றின பிறகுதான் சரியாச்சு" என்பவர்களும் பொய் சொல்லவில்லை. பாதி அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப் உள்ள வண்டியில் ஒரு தடை நீங்கியதும் ஓட்டம் சற்றுக் கூடும், சில மாதம் ஓடும். உண்மையான நோய் அப்படியே இருக்கும். தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது சமையலறையிலேயே முடிகிற காரியம்: பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரோடு சூடாக்கினால் எத்தனை டிகிரியில் வாய் பிளக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். மாட்டும்போது மெழுகு உருண்டை இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். ஓரத்தில் சின்னக் காற்றுத் துளை இருந்தால் அது மேற்பக்கம். இந்தத் துளை எதற்கு என்று தெரியாமல் கீழ்ப்பக்கம் வைத்து மாட்டினால் ஹெட்டுக்குள் காற்று சிக்கி, ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் முள் எகிறும்.

காலையில் ஸ்டார்ட் பண்ணி ஐந்தாறு நிமிடத்தில் ஏறுவது என்றால் மூன்றில் ஒன்று: மூடியே கிடக்கும் தெர்மோஸ்டாட், இப்படிச் சிக்கிய காற்று, அல்லது ஹெட் கேஸ்கெட். கூலண்ட் மாற்றிய மறுநாளே இப்படியென்றால் பெரும்பாலும் காற்றுதான். வண்டியின் மூக்கை மேடாக நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஐடிலில் ஓட்டி, குமிழிகள் நிற்கும்வரை நிரப்ப வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் ஆரம்பிக்கிற வேலை இது.

தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது, தரையில் சொட்டு இல்லை என்றால்? எங்கோ போகத்தானே வேண்டும். சூடான இன்ஜின் மேல் கசிவது அங்கேயே ஆவியாகி, வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு மட்டும் விட்டுப் போகும். ரேடியேட்டரில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் மடித்துச் சேரும் ஓரம், ஹோஸ் கிளாம்ப்புகளின் அடி, பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகட்டு பிளக்குகள் என்று தேடுங்கள். வெறும் தண்ணீர் குடித்த இன்ஜினில் இந்தப் பிளக்குகள்தான் துருப்பிடித்து ஊசித் துளை விடும். முன்சீட் கால்வைக்கும் கார்ப்பெட் பிசுபிசுவென்று ஈரமாக இருந்து, கண்ணாடியில் இனிப்பு வாடையோடு படலம் படிந்தால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர். எல்பிஜி கிட் போட்ட பழைய வண்டியில் இன்னொரு இடமும் உண்டு. கேஸை ஆவியாக்கும் வேப்பரைசருக்குச் சூடு கொடுக்க இன்ஜின் தண்ணீரைத்தான் டி போட்டு எடுத்திருப்பார்கள். கூடுதலாக நான்கைந்து கிளாம்ப், ஒவ்வொன்றும் ஒரு கசிவு வாய்ப்பு. இந்த வேப்பரைசர் ஒரு நல்ல சாட்சியும்கூட. நன்றாக ஓடிய இன்ஜினில் அதைத் தொட்டால் சூடாக இருக்க வேண்டும். வெளியே பனி பூத்திருந்தால் தண்ணீர் அங்கே வரவில்லை, அதாவது தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது அல்லது ஹோஸில் காற்று சிக்கியிருக்கிறது.

கண்ணுக்கு அகப்படாத கசிவுக்கு, மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்ப்பு மாட்டி அழுத்தம் ஏற்றும் பிரஷர் டெஸ்டர் இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் மூடியின் எண் அளவுக்கு ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் விட்டால், டெஸ்டரின் முள் இறங்குகிறதா, எங்கே ஈரம் பூக்கிறது என்று தெரிந்துவிடும். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் முள் இறங்குகிறது என்றால் தண்ணீர் இன்ஜினுக்குள்ளேதான் போகிறது.

இப்போது எல்லோரும் பயப்படும் ஹெட் கேஸ்கெட். பல பழைய இன்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருக்க, விரிய இடமில்லாத ஹெட் வளைந்துவிடும். நடுவில் கேஸ்கெட் நசுங்கி வழி விடும். அப்புறம் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகும், அல்லது தண்ணீர் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ போகும்.

ஆயில் மூடியின் அடியில் மோர்போல் வெளுத்திருப்பதைப் பார்த்தவுடனே "ஹெட் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், ஈரக்காற்று குளிர்ந்து நீராகியும் அப்படிப் படியும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் சொல்லவே வேண்டாம். டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலே காபி நிறத்தில் குழம்பியிருந்தால்தான் விஷயம் முற்றியது. அதைவிட நம்பகமான அடையாளங்கள் உண்டு. இரவெல்லாம் ஆறிய வண்டியில் காலையில் மூடியைத் திருகும்போது புஸ்ஸென்று அழுத்தம் வெளியேறினால், அது தண்ணீரின் அழுத்தமல்ல, முந்தைய நாள் புகுந்த வாயு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் வெதுவெதுப்பு ஆவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லுபோல் இறுகினால் அதுவும் அதே கதை. ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். மற்றவை வழக்கமான பழுப்பு நிறத்தில் இருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் ஆவியாகி அதைக் கழுவிக்கொண்டிருக்கிறது.

தீர்மானமான சோதனை ஒன்று உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதில் நீல நிற திரவம் ஊற்றி, உள்ளிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயுவில் இருக்கும் கார்பன் டைஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். சில நிமிட வேலை. ஹெட்டைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் இதைச் செய்து காட்டச் சொல்வதில் தப்பே இல்லை.

உறுதியானால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடுவது அரைகுறை வேலை. ஹெட்டின் அடிமுகத்தில் நேர்க்கோலை வைத்து, இடையே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். பல மேனுவல்களில் அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டர் அளவில்தான், ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. அதற்கு மேல் இருந்தால் லேத் பட்டறையில் ஃபேஸிங் போட வேண்டும், அதாவது அந்த முகத்தைச் சமமாகச் செதுக்க வேண்டும். வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சில், படிப்படியாக முறுக்க வேண்டும். "கை அளவே போதும்" என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், கேஸ்கெட் தானாகப் போவது அபூர்வம். முதலில் எதனாலோ ஹீட் ஆகித்தான் அது போயிருக்கும். அந்த ஃபேனையோ ரேடியேட்டரையோ கவனிக்காமல் மூடினால் புதுக் கேஸ்கெட்டும் அதே வழியில் போகும். கசிவை அடைக்கும் என்று விற்கும் பொடியும் திரவமும் பாதி அடைத்த ரேடியேட்டரின் மீதிப் பாதியையும் அடைக்கும். ஊர் போய்ச் சேர வேறு வழியே இல்லாத நேரத்துக்கு மட்டும் அது.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால்? ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரைத் திறந்து ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அதற்கும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடாமல் மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஹெட்டை வெடிக்க விட்டவர்கள் நிறையப் பேர்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு. மாருதி 800 உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஆரம்பித்த முதல் தலைமுறை சான்ட்ரோவுக்கும் வயது கூடிவிட்டது. இந்த வயதில் கூலிங் பக்கம் யாரும் கை வைக்காத வண்டி கிடைப்பது கஷ்டம். கைவைத்த தடயங்களைப் படியுங்கள். டேஷ்போர்டின் அடியில் தனியாக ஒரு சுவிட்ச் இருந்தால் ஃபேன் டைரக்ட் ஆகியிருக்கிறது. ஏன் என்று கேளுங்கள். தெர்மோஸ்டாட் ஹவுசிங் ஓரத்தில் புதுச் சிலிக்கான் பிதுங்கியிருந்தால் உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருக்கிறதா என்று நீங்களே பார்க்கவும் முடியும்: குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸில் கை வையுங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடேறினால் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாக ஏறினால் இல்லை. ஹெட் போல்ட்டுகளின் தலையில் புதுக் கீறல், பழைய பிளாக்கின் மேல் மட்டும் பளபளக்கும் ஹெட் இருந்தால் ஹெட் இறங்கி ஏறியிருக்கிறது. பட்டறை பில் கேளுங்கள், ஃபேஸிங் போட்டதா என்று கேளுங்கள்.

டெஸ்ட் டிரைவ் என்று தெருவைச் சுற்றிவிட்டு வருவதில் இவை எதுவும் தெரியாது. வேகமாக இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து, ஏசி போட்டபடியே கால் மணி நேரம் ஐடிலில் நிறுத்தி, ஃபேன் வந்து போவதை எண்ணிக்கொண்டு முள்ளைப் பாருங்கள். அதற்கு முன், முதல் சோதனை குளிர்ந்த இன்ஜினில்தான் ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் போய்ச் சேரும்போது விற்பவர் வண்டியை ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக வைத்திருந்தால், பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில் வர்றேன், நான் வர்ற வரைக்கும் எடுக்காம வைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.